சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்?

(சங்கத்தின் மாணவர் பிரிவு பள்ளி விடுமுறையில் நடத்திய குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)

 

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு நான்கு வார்த்தை சொல்லுங்கள் என்று மாணவர் பிரிவினர் என்னை அழைத்தார்கள். அறிவுரை சொல்ல இந்த அவையில் என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் வாங்கிவிட்டு, அத்தாவின் மளிகை மொத்த வியாபாரத்தில் வந்து உட்கார்ந்தவன். எனக்குப் பழக்கமானது கணக்கு. எனவே அறிவுரையை விட்டுவிட்டு ஒரே ஒரு கணக்கை மட்டும் உங்கள் முன்னால் போட்டுப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்?

இந்த ஊரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என் அக்கா குடும்பம் நியூஜெர்சியில் இருக்கிறது. ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க் நகரம், இந்தப் பக்கம் நியூஜெர்சி. இன்னொரு காரணம், இடையில் எங்கும் இறங்காமல் போகும் பயணிகள் விமானச் சேவைகளில் உலகிலேயே மிக நீளமானது நம் சாங்கியிலிருந்து நியூயார்க்குக்குப் போவதுதான். உலகத்தின் நீளமான சேவை நம் வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போது வேறு ஊரைத் தேடிப் போவானேன்?

கைத்தொலைபேசியில் கேட்டால் ஓர் இடத்தில் 15,340 கிலோமீட்டர் என்று வரும். 2018இல் இந்தச் சேவையை மீண்டும் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்த தூரம் ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவில் 1,300 கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். கடையில் எடை இப்படி மாறினால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா? ஆனால் இங்கே இரண்டு கணக்கும் சரிதான். எப்படி என்று பார்ப்போம்.

இதோ மேசையில் ஓர் உலக உருண்டை இருக்கிறது. 30 சென்டிமீட்டர் விட்டம். நடுவில் ஒரு சுற்று நூலைச் சுற்றினால் 94 சென்டிமீட்டர் வரும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். அதனால் உலகத்தில் எந்த ஊரும் எந்த ஊருக்கும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருக்க முடியாது. அதற்கு மேல் போனால் திரும்பி வரத் தொடங்கிவிடுவோம். இப்போது சிங்கப்பூரில் நூலின் ஒரு முனையை வைத்து, நியூயார்க்குக்கு இறுக்கிப் பிடிக்கிறேன். முப்பத்தாறு சென்டிமீட்டர். 36ஐ 94ஆல் வகுத்து 40,000ஆல் பெருக்குங்கள். பதினைந்தாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வரும். கைத்தொலைபேசி சொன்ன முதல் எண் இதுதான்.

நூல் இல்லாமலும் இந்தக் கணக்கைப் போடலாம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கவனியுங்கள். சிங்கப்பூர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில். நியூயார்க் இருப்பது மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையில். இரண்டையும் கூட்டினால் 178. அரை வட்டத்துக்கு 180. அதாவது நியூயார்க், வடதுருவத்துக்கு அந்தப் பக்கம் ஏறக்குறைய நமக்கு நேர் எதிரே இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். இங்கிருந்து துருவத்துக்கு 88 முக்கால் பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் நாற்பதே முக்கால் பாகையில் இருக்கிறது. துருவத்திலிருந்து அங்கே இறங்க 49 கால் பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் 15,318. உருண்டையும் நூலும் சொன்னதைத்தான் பென்சிலும் சொல்கிறது.

அப்படியானால் நியூயார்க்குக்கு மிகக் குறுகிய வழி எந்தத் திசை? சுவரில் மாட்டும் வரைபடத்தைப் பார்த்தவர்கள் கிழக்கு என்பார்கள், சிலர் மேற்கு என்பார்கள். உண்மையில் அது வடக்கு. சாங்கியிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே போய், இந்தோசீனா, சீனா, மங்கோலியா, சைபீரியா எல்லாம் தாண்டி, துருவத்தை முந்நூறு கிலோமீட்டருக்குள் தொட்டுக்கொண்டு, கனடா வழியாகத் தெற்கே இறங்குகிறது இந்த நூல். சுவர் வரைபடம் உருண்டையைத் தட்டையாக்கியபோது துருவத்தை ஒரு நீண்ட கோடாக இழுத்துவிட்டது. அதனால் நம் கண் ஏமாறுகிறது.

இங்கே ஒரு சின்ன விலகல். நியூயார்க்கில் கிப்லா எந்தப் பக்கம் தெரியுமா? மக்கா நியூயார்க்குக்குத் தெற்கே, கடகரேகையை ஒட்டி இருக்கிறது. தட்டை வரைபடத்தைப் பார்த்தால் தென்கிழக்கு என்று தோன்றும். ஆனால் அங்கே தொழுகிறவர்கள் வடகிழக்கு நோக்கி நிற்கிறார்கள். அதே நூலை நியூயார்க்கிலிருந்து மக்காவுக்குப் பிடித்துப் பாருங்கள், விளங்கிவிடும். மன்ஹாட்டனில் 96ஆவது தெருவில் பெரிய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. அந்தப் பகுதியில் தெருக்களும் கட்டடங்களும் சதுரங்கப் பலகைபோல ஒரே ஒழுங்கில் இருக்கும். இந்தப் பள்ளிவாசல் மட்டும் தெருவின் வரிசையிலிருந்து 29 பாகை திரும்பி நிற்கும். முதல்முறை பார்த்தபோது இடநெருக்கடியில் இப்படிக் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அங்கே திரும்பியிருப்பது இந்த நூல்தான்.

சரி, விமானம் இந்த நூல் வழியாகப் போகிறதா? பெரும்பாலும் போவதில்லை. அங்கிருந்துதான் 16,700 வருகிறது.

முதல் காரணம், வானத்துக்கும் எல்லை உண்டு. ஒரு நாட்டின் மேலே பறக்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். 2022இல் உக்ரேன் போர் தொடங்கிய பிறகு நம் விமானங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்க்கத் தொடங்கின. நூல் போகும் வழியில் ரஷ்யா எவ்வளவு பெரிய இடம் என்று உருண்டையைப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது, துருவத்துக்கு மேலே குளிர். விமான எரிபொருளில் ஒரு வகை மைனஸ் 40 பாகை செல்சியசில் உறையத் தொடங்கும், இன்னொரு வகை மைனஸ் 47இல். துருவத்துக்கு மேல் வானம் சில நாள்களில் அதற்கும் கீழே போகும். மூன்றாவது, இரண்டு இயந்திரம் உள்ள விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால் இன்னொன்றை வைத்துக்கொண்டு போய் இறங்க வழியில் எங்காவது விமான நிலையம் இருக்க வேண்டும். பனிக்கட்டியின் மேல் அப்படி நிறைய இடங்கள் இல்லை.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் காற்று. நடு அட்சங்களில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆறுபோல் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். பனிக்காலத்தில் ஜப்பானுக்கு அருகே அது மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டி அடிக்கும். விமானத்தின் சொந்த வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளினால் தரையைப் பொறுத்தவரை 1,050 ஆகிவிடுகிறது. 8,000 கிலோமீட்டருக்கு இந்தத் தள்ளல் கிடைத்தால் ஒன்றேகால் மணி நேரம் மிச்சம். அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக் கடலுக்கு மேலே அந்த ஆற்றில் இறங்கி, அலாஸ்கா, கனடா ஓரமாகப் போகிறார்கள். தூரம் கூடுகிறது, நேரம் குறைகிறது. நம் முன்னோர் பாய்மரக் காலத்தில் காற்றைப் பார்த்துத்தான் புறப்பட்டார்கள். இன்று கணினி அதே வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது சில நாள்களில் அதே கிழக்குத் திசையிலேயே, அட்லாண்டிக் கடலையும் ஐரோப்பாவையும் தாண்டி வந்துவிடுகிறார்கள். போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. ஒரு முறை போய் வந்தால் உலகத்தை முழுதாகச் சுற்றி வந்த கணக்கு.

பூமி சுற்றுவதால்தான் ஒரு பக்கம் சீக்கிரம் போகிறோம், மறுபக்கம் மெதுவாகப் போகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். அப்படி இல்லை. நாம் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே பூமியோடு சேர்ந்து மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறோம். நம்மைச் சுற்றியுள்ள காற்றும் கூடவே வருகிறது. ஓடும் ரயிலுக்குள் ஒரு பையன் துள்ளிக் குதித்தால் குதித்த இடத்திலேயேதான் இறங்குவான். பின்பெட்டிக்குப் போய்விட மாட்டான். பயண நேரத்தை மாற்றுவது காற்றோட்டமும் வழியும்தான்.

வியாபாரி என்பதால் எரிபொருள் கணக்கையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. இந்தச் சேவை முதலில் 2004 ஜூன் மாதம் நியூவார்க்குக்குத் தொடங்கியது. அப்போது ஓடியது ஏர்பஸ் ஏ340-500. நான்கு இயந்திரங்கள், இரண்டு இலட்சம் லிட்டருக்கு மேல் எரிபொருள் கொள்ளும். எண்ணெய் விலை ஏறியது. 2008இல் நூறே நூறு இருக்கைகள், அத்தனையும் வர்த்தக வகுப்பு என்று மாற்றிப் பார்த்தார்கள். அப்படியும் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2018 அக்டோபர் 11ஆம் தேதி, இரண்டு இயந்திரம் உள்ள ஏ350-900 யுஎல்ஆர் என்ற விமானத்தோடு மீண்டும் தொடங்கினார்கள். முதல் பயணம் 17 மணி 52 நிமிடத்தில் நியூவார்க்கில் இறங்கியது. 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கும் நேரடிச் சேவை வந்தது.

இந்தப் புது விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடை சுமார் 132 டன். விமானம் தரையைவிட்டுக் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். அதாவது கிட்டத்தட்டப் பாதி எடை எரிபொருள்! பயணிகள் 161 பேர். ஆளுக்குப் பெட்டியோடு நூறு கிலோ என்றாலும் 16 டன். பதினாறு டன் சரக்கைக் கொண்டுபோக நூற்று முப்பத்திரண்டு டன் செலவு என்றால் எந்த வியாபாரி ஒப்புக்கொள்வான்? முதல் பத்து மணி நேரம் விமானம் சுமப்பதில் பெரும்பகுதி, கடைசி எட்டு மணி நேரத்துக்கான எரிபொருளைத்தான். அதனால்தான் சாதாரண ஏ350-இல் 253 இருக்கை போடும் அதே நிறுவனம் இதில் 161 மட்டுமே போட்டிருக்கிறது. 67 வர்த்தக வகுப்பு, 94 சிக்கன மேல்வகுப்பு. சாதாரண சிக்கன வகுப்பு கிடையவே கிடையாது. படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரடி விமானம் என்றால் குறைந்த கட்டணச் சீட்டை எதிர்பார்க்காதீர்கள். ஃபிராங்ஃபர்ட் போன்ற ஊரில் இறங்கி ஏறினால் சீட்டு விலை குறையலாம், ஆனால் ஒரு முழு நாள் வழியில் போய்விடும்.

அடுத்தது கடிகாரம். நியூயார்க் நமக்குப் பின்னால் கோடையில் 12 மணி நேரம், பனிக்காலத்தில் 13 மணி நேரம். கோடையில் பரவாயில்லை, காலை எட்டு அங்கே இரவு எட்டு. நவம்பர் வந்ததும் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். அந்த வாரம் பேத்தியோடு பேச உட்காரும் அம்மாவுக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு. அங்கிருந்து வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்குக் கிளம்பினால், 18 மணி 40 நிமிடப் பயணம், கோடைக் கணக்கில் சிங்கப்பூரில் இறங்கும்போது ஞாயிறு விடிகாலை 5.10. சனிக்கிழமையை வானத்தில் தொலைத்துவிட்டு வருகிறோம். வானத்தில் தொழுகை நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று சிலர் கேட்கலாம். அதை இமாம் அவர்களிடம் கேட்பதுதான் முறை, நான் மளிகைக்காரன்.

இனி, இந்தக் கணக்கைப் போட வேண்டிய தேவை எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

அத்தா ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு வஃபாத்தானார்கள். முதல் நாள் இரவு பத்து மணிவரை கடைக் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள். நெஞ்சுவலி, மருத்துவமனை, இரண்டு மணி நேரம், முடிந்துவிட்டது. அப்போது நியூஜெர்சியில் திங்கள் மாலை ஆறரை. அக்காவுக்கு நான்தான் போன் செய்தேன். மச்சான் உடனே சீட்டுத் தேடினார். அல்ஹம்துலில்லாஹ், அன்று இரவு பத்தரை விமானத்தில் ஓர் இடம் இருந்தது. கடப்பிதழை எடுத்து, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, ஒன்றரை மணி நேரம் காரில் ஓட்டி, விமான நிலைய வரிசையில் நின்று, அக்கா ஏறிவிட்டார். எதுவும் தவறிப்போகவில்லை. இதைவிடச் சீக்கிரமாக ஒரு மனிதப் பிறவியால் அங்கிருந்து கிளம்பியிருக்க முடியாது.

அக்கா ஏறியபோது இங்கே செவ்வாய் காலை பத்தரை. வந்து இறங்குவது புதன் விடிகாலை ஐந்து மணிக்கு மேல். வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஜனாஸாவைத் தாமதப்படுத்த வேண்டாம் என்பது அவர்கள் முடிவு. அம்மாவிடம் கேட்டோம். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவ வந்து பார்த்தா அழுவா. பார்க்காட்டியும் அழுவா. அத்தாவைக் காக்க வைக்காதீங்க" என்றார்கள். அஸருக்குப் பிறகு சுவா சூ காங்கில் நல்லடக்கம் நடந்தது.

அந்த நேரத்தில் அக்கா வானத்தில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பறந்திருந்தார். முன்னிருக்கையின் பின்புறத்தில் ஒரு திரை இருக்கும், ஒரு குட்டி விமானப் படம் நகர்ந்துகொண்டே இருக்கும், எவ்வளவு தூரம் பாக்கி என்று எண் ஓடும். மற்றவர்கள் படம் பார்த்தார்கள், இவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். நம் ஊர் நேரம் ஐந்து மணியானபோது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். அத்தாவை அடக்கம் செய்யும் நேரம் அதுவாகத்தான் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரே கணக்குப் போட்டிருக்கிறார்.

என் பாட்டனார் காலத்தில் இது எப்படி இருந்தது? அவர்கள் கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து நாகப்பட்டினம் வந்து ரஜூலா கப்பலில் ஏறி இங்கே வந்தவர்கள். இந்த அவையில் ரஜூலாவில் வந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1926இல் கட்டிய கப்பல், எழுபதுகளின் தொடக்கம்வரை ஓடியது. பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் எல்லாம் தொட்டுக்கொண்டு சிங்கப்பூர் வர ஒரு வாரம் ஆகும். பாட்டனாருக்கு அவர்களுடைய அம்மா இறந்த செய்தி தந்தியில் வந்தது. அடக்கம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. அவர்கள் கடையை அரை நாள் மூடினார்கள், யாஸீன் ஓதினார்கள், மறுநாள் கடையைத் திறந்தார்கள் என்று அத்தா சொல்வார்கள். அடக்கத்துக்குப் போய்ச் சேரலாம் என்ற எண்ணமே அந்தத் தலைமுறையில் யாருக்கும் வந்திருக்காது. கப்பலேறும் அன்றே ஊரில் உள்ளவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, கையைப் பிடித்து விடைபெற்றுக்கொண்டுதான் ஏறினார்கள்.

இப்போது திருச்சி நமக்கு நான்கேகால் மணி நேரம். தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். இந்த உருண்டையில் அளந்தால் ஏழே சென்டிமீட்டர். காலையில் செய்தி வந்து, மதிய விமானத்தைப் பிடித்து, இரவு ஊரில் ஜனாஸாவில் கலந்துகொண்டவர்கள் இங்கே எத்தனையோ பேர். அதனால் விமானம் இருந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. ஏழு சென்டிமீட்டருக்குச் சரியாக இருந்த அந்த எண்ணத்தை முப்பத்தாறு சென்டிமீட்டருக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். பாட்டனாருக்கு ஒரு வாரம் குறைந்தது. அக்காவுக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் குறைந்தது. அந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அந்தச் சீட்டு இல்லாமல் போயிருந்தால்கூட ஒருவேளை மனது ஆறியிருக்கும் என்று ஒரு தடவை சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில ஏற்பாடுகள் செய்துகொண்டோம். அம்மாவுக்கு ஆண்டுக்கொரு பரிசோதனை முடிந்ததும் அதன் விவரம் அன்றே அக்காவுக்குப் போகும். நல்லதோ கெட்டதோ, மறைப்பதில்லை. மருத்துவமனையில் ஓர் இரவு தங்க வேண்டும் என்றால்கூடச் சொல்லிவிடுவது, வருவதா வேண்டாமா என்பதை அக்காவே முடிவு செய்வது. அக்கா, மச்சான், பிள்ளைகள் எல்லாருடைய கடப்பிதழும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்கிறார்கள். மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைகள் அந்த நாட்டுக்குத் திரும்ப நுழையத் தேவையான தாள்கள் கையில் இருக்கின்றனவா என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். விமானம் ஏறும் நேரத்தில் தேடும் காரியம் அல்ல அது. நேரடி விமானம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டுதான். அது கிளம்பிப் போய்விட்டால் லண்டன், ஃபிராங்ஃபர்ட், தோக்கியோ, தோஹா என்று வேறு எந்த வழியில் எந்த நேரத்துக்குக் கிளம்பலாம் என்று ஒரு தாளில் எழுதி அக்கா வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும், தாளும் மாறும்.

பயண நேரத்தைக் கணக்கிடும்போதும் வானத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணுவதில்லை. செய்தி கேட்டுக் கிளம்ப ஒரு மணி, விமான நிலையத்துக்கு ஒன்றரை, வரிசைக்கு மூன்று, வானத்தில் பதினெட்டே முக்கால், சாங்கியில் குடிநுழைவும் பெட்டியும் ஒன்று, வீட்டுக்கு அரை. கூட்டினால் இருபத்தைந்தே முக்கால் மணி. விமானம் கிளம்பும் நேரம் வரை காத்திருப்பதையும் சேர்த்தால் முப்பது மணியைத் தாண்டலாம். எங்கள் குடும்பத்துக்கு நியூயார்க் இருக்கும் தூரம் அதுதான். பதினைந்தாயிரமும் இல்லை, பதினாறாயிரத்து எழுநூறும் இல்லை.

இன்னொன்றையும் செய்தோம். அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன்; சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு அக்கா விடுமுறைக்கு வந்திருந்தபோது அம்மாவே அந்தப் பேச்சை எடுத்தார்கள். தனக்கு ஏதாவது ஆனால் யாருக்காகவும் காத்திருக்கக்கூடாது என்று எங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்துச் சொன்னார்கள். அக்கா முதலில் காதைப் பொத்திக்கொண்டார். அம்மா விடவில்லை. பிறகு இருவரும் அன்று இரவு வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அக்கா திரும்பிப் போகும் நாளில் அம்மா சாங்கிவரை வந்தார்கள். வழக்கமாக வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறவர்கள்.

வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும், அனுப்பப்போகும் குடும்பங்கள் இங்கே நிறைய. உங்கள் பிள்ளை இருக்கும் ஊர் எத்தனை மணி நேரம் என்று வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். லண்டன் 10,900 கிலோமீட்டர், வானத்தில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். சிட்னி 6,300 கிலோமீட்டர், எட்டு மணி நேரம். மற்றதையெல்லாம் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

உருண்டையும் நூலும் அடிக்கோலும் இந்த மேசையிலேயே இருக்கும். தேநீர் வேளையில் பிள்ளைகள் வந்து அளந்து பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டருக்கு 425 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டும், தளர்ந்தால் கணக்கு கூடிவிடும்.